சிறார் மீதான பாலீர்ப்பு: சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குத் திருவாலங்காடு, திருத்தணி, அரக்கோணம் பகுதிகளிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூரிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஒரு நாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஓர் இளைஞரும் அவருடைய அக்காளும் வந்து அமர்ந்தனர். சீட்டில் ‘தூக்கமின்மை’ என்று எழுதியிருந்தது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு தம்பி தலையைக் குனிந்தபடியே சொன்னார்: “அக்கா பசங்க லீவுக்கு வீட்டுக்கு வராங்க சார். அவங்கள எங்கிட்ட தனியா விட்டுட்டுப் போகாதன்னு சொன்னேன். ஏன்டான்னு கேட்டா. சொல்லிட்டேன்.”

அக்காள் இரண்டே கேள்விகள் கேட்டார். “இதுக்கு மருந்து இருக்குதா டாக்டர்? சரியாயிடுமா?”

அவர்களுடைய ஒப்புதலோடும், வயது, ஊர் முதலிய அடையாளங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். அந்த இளைஞர் எந்தக் குழந்தையிடமும் தவறாக நடந்ததில்லை. பருவம் எய்தாத குழந்தைகள்மீது தமக்கு ஈர்ப்பு இருப்பதைப் பதினேழு வயதிலிருந்து அறிந்திருந்தார். அதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை. அக்காளின் இரண்டு கேள்விகளும் பல குடும்பங்கள் வாய்திறந்து கேட்க இயலாத கேள்விகள். ஆதலால் அன்று நான் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

நோய் எது, குற்றம் எது?

பருவம் எய்தாத குழந்தைகள்மீது தொடர்ந்து, குறைந்தது ஆறு மாத காலம், தீவிரமான பாலியல் ஈர்ப்பு நீடிப்பதும், அந்த ஈர்ப்பின்படி ஒருவர் நடந்துகொண்டிருப்பதும் அல்லது அதனால் கடும் மனவேதனைக்கோ உறவுச் சிக்கலுக்கோ உள்ளாவதும் ‘பீடோபிலிக் டிஸார்டர்’ எனப்படும். தமிழில் இதைச் சிறார் பாலீர்ப்புக் கோளாறு என்று சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, இக்கோளாறு உடையவர் குறைந்தது 16 வயது நிரம்பியவராகவும், அக்குழந்தையைவிட 5 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது.

இந்த ஈர்ப்பை எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலோர் இதை வளரிளம் பருவத்திலேயே உணரத் தொடங்குகின்றனர். ஆனால் ஈர்ப்பின்படி நடப்பது ஒருவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கு நோய் ஒருபோதும் மன்னிப்பாகாது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தை ‘சம்மதித்தது’ என்ற பேச்சுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிவோர் அனைவருக்கும் இக்கோளாறு இருப்பதில்லை. ஏறத்தாழ பாதிப்பேருக்கே இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மற்றவர்கள் குடிபோதை, வன்முறை இயல்பு, கையில் கிடைத்த வாய்ப்பு போன்ற பிற காரணங்களால் குற்றம் செய்கின்றனர். அதேபோல் இந்த ஈர்ப்பு உடையவர்களில் ஒருபோதும் குழந்தையைத் தொடாமலேயே வாழ்பவர்களும் உண்டு. ஆகவே ‘நோயாளி’, ‘குற்றவாளி’ என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் வழங்குவது பிழை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தபோது, 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினர். போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோருள் மிகப் பெரும்பாலோர் அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள். அறியாத மனிதரைப் பற்றி மட்டும் குழந்தையை எச்சரிப்பது போதாது.

எல்லா எண்ணமும் இந்நோயன்று

சிகிச்சைக்கு முன் நோயைச் சரியாக அறிதல் வேண்டும். எண்ணச் சுழற்சி நோய் உள்ள சிலருக்கு, ‘நான் என் குழந்தையைத் தவறாகத் தொட்டுவிடுவேனோ’ என்ற அச்சம் வேண்டாமலே மீண்டும் மீண்டும் எழும். பிள்ளை பெற்ற தாய்மார்களிடமும் இதைக் காண்கிறோம். அவர்களுக்கு அந்த எண்ணத்தில் இன்பமோ விருப்பமோ இல்லை. அருவருப்பும் நடுக்கமுமே உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டவே அஞ்சி ஒதுங்குவர். இது சிறார் பாலீர்ப்புக் கோளாறு அன்று. இதற்கு நல்ல பலன் தரும் சிகிச்சை உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் தம்மையே வெறுத்து, உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வாழ்நாள் முழுவதும் நல்லொழுக்கத்தோடு இருந்த ஒருவரிடம் நடுவயதிலோ முதுமையிலோ இத்தகைய நடத்தை திடீரெனத் தோன்றினால், மூளையை முதலில் பரிசோதிக்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 40 வயது ஆசிரியர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தபோது, மூளையின் முன்புறத்தில் பெரிய கட்டி இருப்பது தெரியவந்தது. கட்டியை அகற்றியதும் அந்த உந்துதல் நின்றது. கட்டி மீண்டும் வளர்ந்தபோது அதுவும் திரும்பியது. 2003இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. ஒருவகை மறதி நோயும், பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும்கூட பாலியல் கட்டுப்பாட்டைத் தளர்த்தக்கூடும். இவை அரிதானவை, எனினும் தவறவிடக் கூடாதவை.

ஈர்ப்பை அழிக்க முயன்ற காலம்

1960களிலும் 70களிலும் மேலைநாட்டு மருத்துவமனைகளில் ‘வெறுப்பூட்டும் சிகிச்சை’ நடைபெற்றது. தவறான படத்தைக் காட்டும்போதே மின்னதிர்ச்சி கொடுப்பர், அல்லது அம்மோனியாவை முகரச் செய்வர். பின்னர் உண்மையான அதிர்ச்சிக்குப் பதிலாக, குற்றம் செய்து பிடிபட்டு அவமானப்படுவதை மனக்கண்ணில் காணச் செய்யும் முறை வந்தது. ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் ஈர்ப்பு குறைந்ததுபோலத் தோன்றியது. ஆனால் அந்த மாற்றம் நிலைத்ததாகவோ, வெளியுலகில் குழந்தைகளைக் காத்ததாகவோ நிறுவப்படவில்லை. துன்பத்தைத் தருவதே சிகிச்சையாக இருப்பது அறநெறிக்கும் ஒவ்வாது.

அந்தக் காலத்திலிருந்து மருத்துவம் கற்ற பாடம் இதுதான்: ஈர்ப்பை அழிப்பதை இலக்காகக் கொள்வதைவிட, நடத்தையைக் காப்பதை இலக்காகக் கொள்வதே பயன்தரும். நீரிழிவை முற்றிலும் போக்காமலே, கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது போன்றது இது.

இன்றைய நடத்தைச் சிகிச்சை

இன்று பரவலாக வழங்குவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மருத்துவரோ உளவியலரோ வாரந்தோறும் சந்தித்து, மாதக் கணக்கில் நடத்துவது. இதன் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, சங்கிலியைக் கண்டறிதல். ‘எப்படியோ நடந்துவிட்டது’ என்று சொல்லப்படும் எந்தத் தவறும் திடீரென நடப்பதில்லை. வேலை போகிறது, வீட்டில் சண்டை, தனிமை, குடி, இரவெல்லாம் கைப்பேசி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவது, ‘பாடம் சொல்லித் தருகிறேன்’ என்று தனியே அழைப்பது. ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. நோயாளி தம் சங்கிலியை எழுதிப் பார்க்கிறார். எந்தக் கண்ணியில் விலக முடியும் என்பதைத் தாமே குறிக்கிறார். கடைசிக் கண்ணியைவிட முதல் கண்ணியை அறுப்பது எளிது.

இரண்டாவது, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்களை எதிர்கொள்ளுதல். ‘குழந்தை மறுக்கவில்லையே’, ‘நான் துன்புறுத்தவில்லையே’, ‘பார்ப்பது வெறும் படந்தானே’ என்பன அவற்றுள் சில. மறுக்காத குழந்தை அச்சத்தால் உறைந்திருக்கிறது; ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் உண்மையான ஒரு குழந்தை துன்புற்றிருக்கிறது. இதை அறிவால் மட்டுமன்றி மனத்தாலும் உணரும்வரை பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சூழலைக் கட்டுப்படுத்துதல். குழந்தைகளோடு தனித்திருக்கும் வேலைகளையும் பொறுப்புகளையும் ஏற்காமை, மதுவை விடுதல், இணையப் பயன்பாட்டுக்கு வரம்பு, நெருக்கடி நேரத்தில் அழைக்க ஒரு நம்பகமான மனிதர். இவை எழுத்தில் அமைந்த திட்டமாகவே இருக்கும்.

நான்காவது, வாழத்தக்க ஒரு வாழ்க்கையைக் கட்டுதல். கோபத்தையும் வெறுமையையும் தாங்கும் பயிற்சி, வேலை, நட்பு, வயதுவந்தோருடன் உறவு. ‘செய்யாதே’ என்னும் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு எவராலும் நெடுநாள் வாழ இயலாது.

சிலருக்கு மருந்தும் தேவைப்படும். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஒருவகை மாத்திரைகள் உந்துதலையும் ஓரளவு தணிக்கின்றன. ஆபத்து மிகுதியாக உள்ளவர்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கும் ஊசிகள் உண்டு. ஸ்வீடனில் தாமாகவே உதவி நாடி வந்த 52 ஆண்களைக் கொண்டு நடந்து, 2020இல் வெளியான ஆய்வில், இத்தகைய ஊசி ஒன்று இரண்டே வாரங்களில் ஆபத்துக் கணிப்பைக் குறைத்தது. ஆனால் இம்மருந்துகள் எலும்பைத் தேய்க்கும். உடல் சூட்டெழுச்சி, மனச்சோர்வு போன்ற விளைவுகளும் வரலாம். நிறுத்தினால் உந்துதல் திரும்பும். நோயாளியின் முழுச் சம்மதத்துடனும், தொடர் பரிசோதனையுடனும், பேச்சுச் சிகிச்சையுடன் சேர்த்தும் மட்டுமே கொடுக்கப்படுவன.

பலன் எவ்வளவு?

இங்கே மருத்துவர்கள் நேர்மையாகப் பேச வேண்டும். கிடைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, பாலியல் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட பல வகையினரைப் பற்றியவை. சிறார் பாலீர்ப்பு உள்ளவர்களை மட்டும் பற்றியவை அல்ல. மீண்டும் குற்றம் செய்து பிடிபட்டவர்களையே அவை கணக்கிடுகின்றன. பிடிபடாத குற்றங்கள் அக்கணக்கில் வாரா.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 10.1 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 13.7 விழுக்காட்டினரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்தனர். 2019இல் வெளியான மற்றொரு தொகுப்பில் இவ்விகிதம் 9.5க்கு 14.1. தகுதி வாய்ந்த உளவியலர் தாமே தொடர்ந்து சிகிச்சையில் ஈடுபட்ட இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. அதாவது நூறு பேரில் ஏறத்தாழ நான்கைந்து பேர் மீண்டும் தவறு செய்வது தடுக்கப்படுகிறது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த நான்கைந்து பேரால் துன்புற்றிருக்கக்கூடிய குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் அது சிறிதன்று.

மறுபக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவில் குலுக்கல் முறையில் பிரித்து நெடுங்காலம் நடத்திய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இங்கிலாந்துச் சிறைகளில் பல ஆண்டுகள் நடந்த குழுச் சிகிச்சைத் திட்டத்தை 2017இல் மதிப்பிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 8 விழுக்காட்டினரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான பாடத்தைக் கூட்டமாக நடத்துவது பயன்தராது. ஆபத்து மிகுந்தவருக்கு மிகுந்த சிகிச்சை, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற சிகிச்சை என்பதே இன்று ஏற்கப்பட்ட நெறி.

குற்றத்துக்கு முன்பே உதவி தருவதற்கு முன்னோடி, ஜெர்மனியின் பெர்லினில் சாரிட்டே மருத்துவமனை 2005இல் தொடங்கிய திட்டம். சிகிச்சை பெற்றவர்களிடம் ஆபத்துக் காரணிகள் குறைந்ததாக அதன் முதல் ஆய்வு கூறிற்று. எனினும் தவறான படங்களைப் பார்த்துவந்தவர்களில் பெரும்பாலோர் அதை நிறுத்தவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. பின்னர் அதை மறுஆய்வு செய்தவர்கள் பலன் உறுதியாகவில்லை என்றனர். இதனினும் நம்பிக்கை தரும் சான்று ஸ்வீடனிலிருந்து வந்தது. 160 பேரைக் கொண்டு இணையவழியாக எட்டு வாரம் நடத்திய நடத்தைச் சிகிச்சை, அத்தகைய படங்களைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே அக்காளின் இரண்டாவது கேள்விக்கு என் விடை: இது காய்ச்சல் போலச் சரியாகிவிடும் நோயன்று. ஈர்ப்பு மறைந்துவிடும் என்று வாக்களிப்பவரை நம்பாதீர்கள். ஆனால் தவறாமல் வாழக் கற்றுக்கொள்ள முடியும். அதற்குச் சிகிச்சை உதவும்.

நம் நாட்டில்

2015 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், சிறார்மீது பாலியல் குற்றம் புரிவோருக்கு ஆண்மை நீக்கத் தண்டனையைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே 2013இல் நீதிபதி வர்மா குழு, பாலியல் குற்றங்களுக்கு மருந்துவழி ஆண்மை நீக்கத்தைக் கட்டாயமாக்குவதை ஏற்க மறுத்திருந்தது. மருத்துவ நோக்கில் பார்த்தால், விருப்பமின்றிச் செலுத்தப்படும் ஊசி மனத்தை மாற்றாது.

அண்மையில் நம் மாநிலத்திலிருந்து சென்ற வழக்கொன்று இத்துறைக்கு முக்கியமானது. சிறாரின் பாலியல் காட்சிகளைக் கைப்பேசியில் வைத்திருந்த ஒருவர்மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று தள்ளுபடி செய்தது; அத்தகைய காட்சிகளை அழிக்காமலும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலும் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின்படி குற்றமாகலாம் என்று விளக்கியது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லையே தவிர்க்குமாறும், அது குழந்தைமீதான சுரண்டலின் பதிவு என்பது புலப்படும் சொல்லை வழங்குமாறும் கூறிற்று. அதே தீர்ப்பில், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான ஆதரவோடு, குற்றம் செய்தவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் தேவையையும் நீதிமன்றம் எடுத்துரைத்தது. தண்டனையும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

குற்றத்துக்கு முன்பே உதவி தரும் முயற்சியும் நம் நாட்டில் உண்டு. புனேயின் கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையம், பெர்லின் சாரிட்டே மருத்துவமனையோடு இணைந்து அதைத் தொடங்கியது. தமிழகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் மனநல மருத்துவரை அணுகலாம்.

இரகசியம் எதுவரை?

‘டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமா?’ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்குமாறு எங்களைப் பணிக்கிறது. ஈர்ப்பு இருப்பது மட்டுமே குற்றமன்று. ஆனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது எனத் தெரிந்தாலோ, நேரக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலோ, போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அறிவிக்கும் கடமை எவருக்கும் உண்டு. மருத்துவரும் அதற்கு விலக்கல்லர். இந்த எல்லையை நாங்கள் முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் சொல்லிவிடுகிறோம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

குழந்தையின் பாதுகாப்பே முதலில். இந்த ஈர்ப்பு உள்ளவரோடு எந்தக் குழந்தையையும், எவ்வளவு சிறிது நேரமாயினும், தனியே விடாதீர்கள். இது அவருக்கும் பாதுகாப்பு.

திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். அது மற்றொரு பெண்ணின் வாழ்க்கையையும், பிறக்கும் பிள்ளைகளையும் ஆபத்துக்கு உள்ளாக்கும். மந்திரிப்பதிலும் அடித்துத் திருத்துவதிலும் காலம் போக்காதீர்கள்.

தவறு நடந்துவிட்டது எனத் தெரிந்தால் மறைக்காதீர்கள். குடும்ப மானம் கருதி மூடிவைத்த கதவுக்குப் பின்னால் அக்குழந்தை இருக்கிறது. குழந்தை சொல்வதை நம்புங்கள். குறுக்குக் கேள்விகள் கேட்காதீர்கள். 1098 எண்ணை அழையுங்கள். அக்குழந்தைக்கும் மனநலச் சிகிச்சை தேவை.

தவறான காட்சிகளைக் கைப்பேசியில் கண்டால் ‘சான்றுக்காக’ எவருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவதே குற்றமாகிவிடும். காவல்துறையில் தெரிவியுங்கள்.

உதவி நாடி வந்தவரை இழிவாகப் பேசாதீர்கள். வெட்கமும் தனிமையும் அச்சங்கிலியின் முதல் கண்ணிகள். தற்கொலை எண்ணம் இவர்களிடம் மிகுதி, அதைக் கவனியுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் தமிழில் பேசும், தெலுங்கிலும் பேசும்.

அந்த விடுமுறையில் அக்காளின் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வந்தனர். தம்பி நண்பர் அறையில் தங்கினார். பகலில் எல்லாரும் இருக்கும்போது வந்து, சாப்பிட்டு, திரும்பினார். பாட்டிக்கு அது சிறு வருத்தம். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. அவர் இன்றும் மாதம் இருமுறை வருகிறார். சென்ற முறை, “சரியாயிடுச்சான்னு அக்கா கேக்குறா சார். என்ன சொல்றது?” என்றார். “இல்லைன்னு சொல்லுங்க. ஆனா வர்றத நிறுத்தலன்னும் சொல்லுங்க” என்றேன்.